உறைக்குள் இல்லாத படம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை என் தாய் சொல்லியிருக்கிறார், மாமியார் சொல்லியிருக்கிறார், கனடாவில், ஸ்கார்பரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் சூப்பர்வைசர் இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். இவர் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. இவர் என்று நான் சொல்வது என் கணவரை. பத்துக் கேள்வி கேட்டால் இவரிடமிருந்து ஒரு "ம்" வரும். கடவுள் எங்கள் இருவருக்கும் வாயை அளந்து ஊற்றும்போது கை தவறி முழுவதையும் எனக்கே ஊற்றிவிட்டான் என்று நான் சொல்லுவேன். அதற்கும் இவர் "ம்" என்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் தொண்ணூறுகளின் நடுவில் இரத்தப் புற்றுநோய் வந்தது. ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது சத்தமில்லாமல் வந்தது. இருமலுக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில் குடும்ப டொக்டர் இரத்தம் சோதித்தார். வெள்ளை அணுக்கள் கூடிப்போயிருக்கின்றன என்று சொல்லி, நகரத்துக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த இரத்த டொக்டர் நெட்டையான மனிதர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இது மெதுவாகப் போகிற வகை, இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்தால் போதும் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கான்சர் என்று சொல்கிறீர்கள், மருந்தும் இல்லை என்கிறீர்கள், அப்படியென்றால் எங்களிடம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பாதியும் தொழிற்சாலையில் பாதியும் படித்தது. கோபம் வந்தால் அது நன்றாகவே ஓடும். டொக்டர் சிரித்தார். இந்த நோயோடு தொண்ணூறு வயது வரை இருந்து வேறெதனாலோ செத்துப்போகிறவர்களும் உண்டு என்றார். இவர் என் கையைப் பிடித்து, "வாரும், போவம்" என்றார்.

இரண்டு வருடம் அந்த நோயோடு இருந்து பழகிவிட்டோம். வாடகையும் தராத, சத்தமும் போடாத பேஸ்மென்ட்டில் குடியிருக்கிற ஆளைப் போல அது பாட்டுக்கு இருந்தது. டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ட் ஒன்பதாம் மாடி. இவர் ஒரு பேக்கரியில் வேலை. மா மூட்டை தூக்குகிற வேலை. எனவே முதுகு நோகிறது என்று இவர் சொன்னபோது, யாரும் அதிசயப்படவில்லை. "மூட்டை தூக்கினால் முதுகு நோகாமல் மூக்கே நோகும்?" என்று நானே கேட்டேன். கட்டிலின் மெத்தையைத் திட்டினேன். புது மெத்தை வாங்கினோம். புது மெத்தையிலும் நோ அப்படியே இருந்தது.

இரத்த டொக்டர் எலும்பு ஸ்கானுக்கு அனுப்பினார். கையில் ஒரு ஊசி போட்டார்கள். மூன்று மணித்தியாலம் இருத்திவைத்தார்கள். பிறகு இவரைப் படுக்கவைத்து, தட்டையான ஒரு கமராவைத் தலையிலிருந்து கால்வரை ஊரவிட்டார்கள். வந்த படத்தில் இவர் சின்னச் சின்னப் புள்ளிகளால் செய்த எலும்புக்கூடாக நின்றார். எங்கேயும் ஒரு குறையும் இல்லை என்று மறுமொழி வந்தது. நான் அன்றைக்கே உளுந்து ஊறப்போட்டு, வடை சுட்டு, எங்கள் மாடியில் இருந்த ஆறு வீட்டுக்கும் கொடுத்தேன். நேர்த்திக்கடனுக்குத் தேங்காய் உடைத்தேன். இவர் வடையைத் தின்றுவிட்டு, நாரி முதுகில் கைவைத்தபடி எழும்பினார். அதை நான் கண்டும் காணாதமாதிரி இருந்தேன்.

நோ குறையவில்லை. கால்கள் விறைக்கிறமாதிரி இருக்கிறது என்றும் ஒருநாள் சொன்னார். இவர் வாய்திறந்து ஒரு நோவைச் சொன்னால் அதற்குப் பத்து மடங்கு இருக்கிறது என்று அர்த்தம். இந்தமுறை டொக்டர் சாதாரண எக்ஸ்ரேதான் எழுதித் தந்தார். ஆனால் உடம்பு முழுவதற்கும். மண்டை, முதுகு, நெஞ்சு, இடுப்பு, மேற்கை, தொடை என்று துண்டு துண்டாக எடுக்கச் சொன்னார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் எடுத்தார்கள். அன்று பின்னேரமே கிளினிக்கிலிருந்து டொக்டருக்கு டெலிபோன் போயிருக்கிறது. மண்டையிலும் முதுகெலும்பிலும் ஓட்டைகள் இருக்கின்றன, எழுத்து அறிக்கை தபாலில் வரும் என்று சொன்னார்களாம். டொக்டர் எங்களை உடனே கூப்பிட்டு, இவருடைய இடுப்பெலும்புக்குள் ஊசி விட்டு, உள்ளே இருக்கும் மச்சையை எடுத்துச் சோதித்தார்.

பிறகு எங்கள் இருவரையும் முன்னால் இருத்தி, இரண்டாவது நோயைப் பற்றிச் சொன்னார். இது எலும்பு மச்சையில் இருந்துகொண்டு எலும்பைத் தின்கிற கான்சர் என்றார்.

"முதலாவது முற்றித்தான் இப்படி ஆனதா?" என்று கேட்டேன்.

இல்லை, இரண்டும் வேறு வேறு என்றார். ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பது அரிது, ஆனால் இருக்கும். முதலாவதைத் தெரிந்து வைத்திருந்ததால் எல்லா நோவையும் அதன் தலையிலும் மா மூட்டையின் தலையிலும் போட்டுவிட்டோம், நானும் யோசித்திருக்க வேண்டும் என்றார். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாய் இருக்கிறதே என்று நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அது என்ன என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். சரியாகத்தான் சொல்கிறாய் என்றார்.

"எலும்பு ஸ்கானில் ஒன்றும் இல்லை என்றார்களே" என்றேன். ஆறு வீட்டுக்கு வடை சுட்ட ஆத்திரம் எனக்கு.

அதற்கு அவர் சொன்ன விளக்கத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எலும்பு எங்கே புதிதாக வளரப் பார்க்கிறதோ அந்த இடம்தான் அந்த ஸ்கானில் மின்னும். இந்த நோய் தின்னும்போது எலும்பு திருப்பி வளரப் பார்ப்பதில்லை. பேசாமல் இருந்து தின்னக்கொடுக்கும். அதனால் ஸ்கானில் எல்லாம் சுகமாகத் தெரியும். ஓட்டையைக் காண்பதற்குப் பழைய எக்ஸ்ரேதான் வேண்டும். இதைக் கேட்டுவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தேன். ஆளைப் போலத்தான் எலும்பும் என்று நினைத்தேன்.

டொக்டர் நல்ல செய்தியும் ஒன்று சொன்னார். முதலாவதைப் போல அல்ல, இதற்கு மருந்து இருக்கிறது, குளிசைகள்தான், பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதற்குமுன் ஓர் அவசரம். கால் விறைப்பதென்றால், முதுகெலும்பு நொறுங்கி நரம்பை அழுத்தத் தொடங்கியிருக்கலாம். எந்த இடத்தில் என்று தெரிந்தால், அந்த இடத்துக்குக் கதிர் கொடுத்து நிறுத்தலாம். பிந்தினால் கால் இரண்டும் போனாலும் போகும். எனவே வியாழக்கிழமை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். வரும்போது கிளினிக்கில் இருக்கும் எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அந்த நாளில் படங்கள் கம்பியூட்டரில் பறந்து போகாது. பெரிய பழுப்பு உறைக்குள் வைத்து நோயாளியின் கையிலேயே தந்துவிடுவார்கள். நாங்கள் அதை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும்.

கூடவே நாலு பக்கத்தில் ஒரு ஃபோமும் தந்தார்கள். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம், ஆகவே உடம்புக்குள் எங்கேயாவது இரும்பு இருக்கிறதா என்று ஒரு கேள்வி. வீட்டில் குசினி மேசையில் இருந்து நான் வாசித்து வாசித்து நிரப்பிக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்வியில் என் பேனை நின்றது.

"இல்லை எண்டு போடும்" என்றார் இவர்.

"தொடையில கிடக்கிறது?"

"அது குரக்கன் மணி அளவு. இல்லை எண்டு போடும்."

ஊரில் இவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிளார்க்காக இருந்தவர். மண்ணெண்ணெய்க்குச் சனம் வரிசையில் நின்றபோது பக்கத்தில் ஷெல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் பெரிய துண்டுகளை எடுத்துவிட்டு, சின்னதுகளை அப்படியே விட்டுத் தைத்தார்கள். இடது தொடையில் ஏழு துண்டு. காயத்துக்கு மருந்து கட்டினவள் நான், எனக்குக் கணக்குத் தெரியும்.

கனடாவுக்கு வந்து அகதி வழக்குப் போட்டபோது, ஒஷாவாவில் இருந்த எங்கள் ஊர் அண்ணை ஒருவர்தான் எங்கள் பேப்பர்களை நிரப்பித் தந்தார். எங்களுக்கு முன்னால் வந்தவர், எல்லாருக்கும் அவர்தான் நிரப்பிக் கொடுப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். அவர் படித்துப் படித்துச் சொன்ன ஒன்று இருந்தது: "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. காயம், துண்டு எண்டு வாயே திறக்கப்படாது. திறந்தால் இயக்கத்தில சண்டை பிடிச்சவன் எண்டு நினைச்சுத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்." அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். நாங்களும் பயந்தவர்கள். காயம் ஒன்றும் இல்லை என்று எழுதி, இவர் கையெழுத்து வைத்தார், நானும் வைத்தேன். வழக்கு வென்றது. இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரிப் பேப்பரும் அரசாங்கப் பேப்பர்தானே என்று எங்கள் புத்தி. ஒரு மேசையில் ஓம் என்று எழுதினால் அடுத்த மேசைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தோம். இப்போது சொல்லிச் சிரிக்கலாம். அன்று சிரிக்கவில்லை. "இல்லை" என்ற பெட்டிக்குள் நான் என் கையாலேயே சரி போட்டேன். இவரை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்ப முடியாது.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது இவர் கிளினிக்குக்குப் போய் உறையை வாங்கி வந்துவிட்டார். கதிரைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார். நான் தொடவில்லை. எனக்கு அதைப் பார்க்கவே பயம்.

வியாழன் காலை. அப்பொயின்ட்மென்ட் பின்னேரம் இரண்டு மணிக்கு. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, முழுகி, விளக்கேற்றப் போனேன். குசினி அலுமாரியில் மேல்தட்டைத்தான் நாங்கள் சுவாமித்தட்டாக வைத்திருந்தோம். பிள்ளையாரும் முருகனும் அம்மனும் தட்டின் விளிம்புக்கு வந்து, விழப்போகிறமாதிரி நின்றார்கள். இவ்வளவு காலமும் பின்சுவரோடு ஒட்டி நின்ற படங்கள். யார் தள்ளினது என்று பின்னால் கையை விட்டேன். வழுவழுவென்று ஒரு தகடு கையில் பட்டது. இழுத்தேன். எக்ஸ்ரே படம்.

பல்கனிக் கண்ணாடிக்குக் கொண்டுபோனேன். வெளியே பெப்ரவரிப் பனி, வெளிச்சம் கண்ணைக் கூசியது. படத்தைத் தூக்கிப் பிடித்தேன். இவருடைய இடது தொடை. எலும்பைச் சுற்றி ஏழு வெள்ளைப் பொட்டுகள். எனக்குத் தெரிந்த பொட்டுகள், ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் இருந்தது. அது எனக்கு அதிர்ச்சி இல்லை. நடு எலும்பில் ஒரு கறுப்பு ஓட்டை இருந்தது. எலி தின்ற மாங்காய் மாதிரி ஒரு பக்கம் அரித்துப்போய் இருந்தது. 

இவர் குளித்துவிட்டுத் துவாயோடு வந்தார். என் கையில் படத்தைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"உதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?" என்றேன்.

"அங்க வையும் அதை."

"சுவாமிக்குப் பின்னால ஒளிக்கிற சாமானே இது? டொக்டர் எல்லாப் படமும் கேட்டவர். எல்லாம்."

"மற்றதெல்லாம் உறைக்குள்ள கிடக்கு. இந்த ஒண்டில்லாட்டி என்ன? வருத்தம் முதுகிலதானே."

"விசரே உங்களுக்கு? ஓட்டையைப் பாருங்கோ."

இவர் பார்க்கவில்லை. வெள்ளைப் பொட்டுகளைத்தான் பார்த்தார். இவருக்கு அந்தப் படத்தில் அவை மட்டும்தான் தெரிந்தன. மெதுவாகச் சொன்னார்: "நான் செத்தால் காரியமில்லை. உம்மைத் திருப்பி அனுப்பினால் அங்க ஆர் இருக்கினம் உமக்கு?"

அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. விளக்குத் திரி கையில் இருந்தது, எறிந்தேன். "நீங்கள் செத்தாப்பிறகு எனக்கு இந்த நாடு என்னத்துக்கு?" என்று கத்தினேன். பிறகு அழுதேன். அழுதுகொண்டே படத்தை உறைக்குள் வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். தன் தொடையையே மறைக்கப் பார்த்த மனிதனை அன்றுதான் கண்டேன்.

கென்னடி வீதியில் பஸ் ஏறினோம். தரிப்பில் ஐஸ் கட்டியிருந்தது. இவர் ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். பிறகு சப்வே. பிறகு படி. உறை என் அக்குளுக்குள் இருந்தது, இவர் எனக்கு மறுபக்கம் இருந்தார்.  என்னைப்போல ஒருத்தி முக்கால் மணித்தியாலம் வாய்திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. ஃபோமை எடுத்துப் பார்த்தேன். நான் போட்ட சரி அப்படியே இருந்தது. அதை வெட்டித் திருத்துவதா, இவரே சொல்லட்டும் என்று விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மனுசனுக்கு மேலால் மனுசி கதைத்தால் எங்கள் சனத்துக்குள் அது ஒரு பெயர். எனக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது. ஆனால் வீட்டுக்குள் கதைப்பது வேறு, வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் இவரைப் பொய்யர் ஆக்குவது வேறு.

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே ஒரு பெண் வந்தாள். சிவப்பு விளிம்புக் கண்ணாடி, பருத்த உடம்பு, படம் எடுக்கிறவள் அவள்தான். ஃபோமை வாங்கிப் பார்த்தாள். எழுதியிருந்தாலும் நான் வாயாலும் கேட்பேன் என்று சொல்லி, இவரைப் பார்த்துக் கேட்டாள்: உடம்புக்குள் இரும்பு, துப்பாக்கி ரவை, வெடித்துண்டு ஏதாவது உண்டா?

"நோ" என்றார் இவர். எனக்குத் தெரிந்து இவர் இங்கிலீஷில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன முதல் சொல் அது.

"யெஸ்" என்றேன் நான்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் உறைக்குள் இருந்து தொடைப் படத்தை இழுத்து நீட்டினேன். சுவரில் இருந்த வெளிச்சப் பெட்டியில் செருகினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். இது எப்படி வந்தது என்று கேட்டாள். குண்டு என்றேன். இவர் சிவிலியன், மண்ணெண்ணெய் வரிசை, சங்கக்கடை என்று கேட்காததையெல்லாம் சொன்னேன். ஒஷாவா அண்ணை கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

"இந்தப் பேப்பர் இமிகிரேஷனுக்குப் போகுமா?" என்று கடைசியாகக் கேட்டேன். 

அவளுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவள் முகம் மாறியது. கிட்ட வந்து, இந்தப் பேப்பர் அந்த அலுமாரிக்குள் மட்டும்தான் போகும் என்று கையால் காட்டினாள். திங்கட்கிழமை பொஸ்னியாவில் இருந்து வந்த ஒரு மனிதரும் இதே கேள்வியைத்தான் கேட்டார் என்றாள். பிறகு இவருடைய முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள், மொத்தம் எத்தனை துண்டு?

"செவன்" என்றேன் நான்.

இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையைத் தூக்கித் தன் இடது புருவத்துக்குக் கீழே ஒரு விரலை வைத்தார்.

"எயிட்" என்றார்.

நான் திரும்பினேன். அந்தப் புருவத் தழும்பை எனக்குத் தெரியும். ஷெல் விழுந்தபோது நிலத்தில் விழுந்து கல்லில் அடிபட்டது என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். அவள் மண்டைப் படங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் செருகினாள். ஒரு கண்ணாடி வில்லையை வைத்துத் தேடினாள். கண் குழியின் ஓரத்தில், தூசி என்று துடைத்துவிடக்கூடிய ஒரு சின்ன வெள்ளை. அவள் கதிரையில் இருந்துவிட்டாள். தொடைத் துண்டென்றால் டொக்டர் யோசித்து முடிவு செய்திருப்பார், ஆனால் கண்ணுக்குள் இரும்போடு அந்தக் காந்தத்துக்குள் போனால் துண்டு அசையும், பார்வை போகலாம் என்றாள். இவருக்குக் கை கொடுத்து, சொன்னது நல்லது மிஸ்டர், நன்றி என்றாள். இவரும் கை கொடுத்தார்.

எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. அவள் டெலிபோன் எடுக்க, எங்கள் நெட்டை டொக்டர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். வந்தவர் வெள்ளைப் பொட்டுகளைப் பார்க்கவில்லை. நேரே கறுப்பு ஓட்டையில்தான் விரலை வைத்தார்.

"இந்தக் காலோடு இவர் எப்படி வந்தார்?"

"பஸ்ஸில்" என்றேன். "பிறகு சப்வே."

அவர் போய், தானே ஒரு சக்கரக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தார். இவரை அதில் இருத்தினார். பாதி எலும்பு போய்விட்டது, ஐஸில் ஒருமுறை வழுக்கினால் கரும்பு முறிவதுபோல் முறிந்திருக்கும், இந்த நோயில் முறிந்த தொடை ஒட்டுவது பெரும்பாடு என்றார். டெலிபோனில் சொல்ல விட்டுப்போன அந்தத் தொடை ஓட்டை கிளினிக்கின் எழுத்து அறிக்கையில் இருந்ததுதான். அறிக்கை அடுத்தநாள் தபாலில் அவர் மேசைக்கு வந்ததாம். படம் ஒளிந்தே கிடந்திருந்தால் அந்த ஒருநாளில் இவர் எத்தனை படி ஏறி இறங்கியிருப்பார் என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை.

அன்றைக்கே கட்டில் கொடுத்தார்கள். காந்தம் இல்லாமலும் முதுகைப் பார்க்க வழி இருந்தது. முள்ளந்தண்டுக்குள் ஒரு சாயத்தை ஊசியால் விட்டு, சி.ரி. ஸ்கான் எடுத்தார்கள். ஓரிடத்தில் சாயம் ஓடுவது நெரிபட்டு, நூலாகப் போயிருந்தது. அழுத்தம் அங்கேதான், நேரத்தோடு கண்டுவிட்டோம் என்றார்கள். அந்த இடத்துக்குக் கதிர் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த கிழமை இடது தொடை எலும்புக்குள் ஒரு நீளக் கம்பியை இறக்கினார்கள்.

கட்டிலருகில் இருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஏழு எண்டு எனக்குத் தெரியும். எட்டாவதை ஏன் எனக்கும் ஒளிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

இவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நீர் அப்ப ஒவ்வொரு துண்டையும் எண்ணி எண்ணி அழுதனீர். ஏழு காணும் எண்டு நினைச்சன்."

  போர்வையை இழுத்து இவருடைய காலை மூடிவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் ஊன்றுகோலோடு வீட்டு வாசலுக்கு இவரே நடந்து வந்தார். மாதத்தில் நாலு நாள் குளிசை. அந்த நாலு நாளும் சோறு மணந்தால் ஓங்காளிப்பார். மற்ற நாளில் நான் சமைத்ததில் உப்புக் கூட, புளி குறைய என்று சொல்லத் தொடங்கினார். வாயே இல்லாத மனிதர் குறை சொல்லக் கேட்பது எனக்கு அவ்வளவு சந்தோசம். குளிசை வேலை செய்கிறது என்று டொக்டர் இரத்தத்தில் கண்டார். நான் புளியில் கண்டேன். முதலாவது நோய் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தன்பாட்டில் பேஸ்மென்ட்டில் இருந்தது. குடியுரிமைக் கடிதமும் வந்தது. தொடையைப் பற்றியோ புருவத்தைப் பற்றியோ எவரும் எங்களிடம் கேட்கவில்லை. ஒஷாவா அண்ணைக்கு நடந்ததைச் சொன்னேன். "அப்ப ஆஸ்பத்திரியில சொல்லலாம் போல" என்றார்.

ஒரு வருடம் கழித்துப் புதுப் படங்கள் எடுத்தார்கள். டொக்டர் பழைய தொடைப் படத்தையும் புதியதையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஓட்டை பெருத்ததா சிறுத்ததா என்று வெறும் கண்ணால் சொல்லமுடியாது, கால் கொஞ்சம் திரும்பினாலே படம் மாறிவிடும் என்றார். ஒரு சின்ன அடிமட்டத்தை எடுத்தார். ஓட்டைக்கு மிகக் கிட்ட இருந்த ஷெல் துண்டிலிருந்து ஓட்டையின் விளிம்புவரை பழைய படத்தில் அளந்தார். புதியதிலும் அளந்தார். பெருக்கவில்லை. விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வந்திருந்தது. எலும்பு திருப்பி வளரப் பார்க்கிறது என்றார். இந்தத் துண்டுகள் அசையாமல் இருப்பதால் அளப்பதற்கு நல்ல அடையாளம், வேறு நோயாளிகளிடம் இந்த வசதி இல்லை என்று சிரித்தார். இவர் எழும்பி, பெட்டிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். சுவாமிக்குப் பின்னால் ஒளித்த அதே படம். இந்தமுறை ஓட்டையைப் பார்த்தார்.

வெளியே வரும்போது தாதி ஒரு ஃபோமைத் தந்தாள். அடுத்த மாதம் இன்னொரு சி.ரி. ஸ்கான் இருந்தது, அதற்கும் அதே நாலு பக்கம், அதே கேள்விகள். கதிரையில் இருந்து வழக்கம்போல நான் பேனையை எடுத்தேன். இவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தாக வாசித்து இரும்புக் கேள்விக்கு வந்தார். "ஓம்" என்ற பெட்டியில் சரி போட்டார். விபரம் எழுதும் கோட்டில் பெரிய எழுத்தில் எழுதினார்: ஷெல் துண்டு எட்டு, கம்பி ஒன்று.

"ஒன்பது" என்றேன். "இனி ஒண்டும் ஒளிச்சு வைக்கேல்லையே?"

இவர் பேனையை மூடி என் கையில் தந்தார்.

"உம்மேல ஆணை, இல்லை" என்றார்.